இருபத்துமூன்று கலியாணப் படங்கள்

எங்கள் அச்சகத்து இயந்திரத்துக்குக் கறுப்பு ஒன்றுதான் தெரியும். சாம்பல் நிறம்கூடத் தெரியாது. எந்தப் படத்தையும் முதலில் கரும்புள்ளிகளாக உடைத்துக் கொடுக்க வேண்டும். புள்ளி நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். மற்றவர்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாக இதைச் செய்வார்கள். பார்க்கவே எனக்குப் பத்திக்கொண்டு வரும். நான் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரிக் கட்டளை தட்டுவேன். நூறு படம் என்றாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். திருகோணமலையில் இந்த வித்தை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஒரு தலைக்கனம் எனக்கு.

அந்தக் கட்டளை இரண்டு வகை. ஒன்று மூலப்படத்தைத் தொடாமல், புதிதாக ஒரு கோப்பை எழுதும். மற்றது பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும், எழுதட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காது. தட்டுவது குறைவு என்பதால் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஆனால் படங்களை என் கணினியில் பிரதி எடுத்து வைத்த பிறகுதான் அதைப் பாவிப்பேன். ஒரே ஒரு நாள் தவறினேன்.

அன்று வந்தவள் பாலையூற்றுப் பக்கம். முப்பது வயது இருக்கும். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காய்ச்சல் என்று படுத்து, ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. முப்பத்தோராம் நாளன்று வருகிறவர்களுக்கு அவர் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும் என்று ஒரு பென் டிரைவை நீட்டினாள். உள்ளே கலியாணப் படங்கள், இருபத்துமூன்று கோப்புகள். அல்பத்தைக் கறையான் அரிக்கத் தொடங்கியதும் கணவர்தான் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி இதில் போட்டு வைத்தாராம். அல்பத்தை எரித்துவிட்டார்கள்.

"போனில அவற்ற படம் ஒண்டும் இல்லையா, தங்கச்சி?"

"போன் நிறைய நானும் மகளும்தான் அண்ணா. படம் எடுக்கிறது அவர்தானே."

நல்லதாகப் பார்த்துப் போடச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தாள். மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குக் கரண்ட் நிற்கும் என்று அறிவித்திருந்தார்கள். பிரதி எடுக்காமல் பென் டிரைவிலேயே கட்டளையை ஓடவிட்டேன். பக்கத்தின் அளவுக்குச் சுருக்கி, நிறத்தை உரித்து, புள்ளிகளாக்கி, இருபத்துமூன்றும் முடிந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புத்தகம் நன்றாகவே வந்தது. ஆளை அப்படியே பார்த்த மாதிரி இருக்கிறது என்று சனம் சொன்னதாம். அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு கிழமை கழித்து மறுபடி வந்தாள். கையில் நாலு வயது மகள்.

"ஒரு படத்தைக் கலரில பெரிசா அடிச்சுத் தாங்கோ அண்ணா. வீட்டில கொழுவ வேணும். சின்னப் பிள்ளைதானே, பார்க்காட்டி அப்பான்ர முகத்தை மறந்துபோவாள்."

அவள் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகி முதல் கோப்பைத் திறந்தேன். புள்ளிகள். அடுத்ததும் புள்ளிகள். கடைசியாக எழுதப்பட்ட நேரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான், பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. உடனே விளங்கிவிட்டது.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "என்னண்ணா, பென் டிரைவ் பழுதாப் போச்சுதோ?"

நான்தான் அழித்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? நான் சொன்னது, "ஓம் தங்கச்சி. அப்பிடித்தான் போல."

அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தேன். மேலேயே எழுதியான பிறகு மீட்க என்ன இருக்கிறது? நாலாம் நாள் அவள் மகளோடு வந்தபோது ஏலாது என்றேன்.

"நிறத்தை நீங்கள் போடேலாதோ? நான் பக்கத்தில இருந்து சொல்லுறன்."

மாட்டேன் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அவள் சொல்லச் சொல்லப் போட்டேன். கூறைச் சேலை அரக்குச் சிவப்பு. தலைப்பா சந்தன நிறம். பின்னால் இருந்த சுவர் இளம்பச்சை. "அவற்ற நிறம்?" என்று கேட்டேன். அவள் மகளின் கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இவளின்ர நிறம்தான்."

அந்தச் சின்னக் கை ஆடாமல் நின்றது. நான் அதைப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

படத்தைப் பெரிதாக்கியதும் ஒவ்வொரு புள்ளியும் கடுகளவு வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கறுப்புக் கட்டிகள். அதையும் வெளியே ஒரு ஸ்டூடியோவில் கலரில் அடித்து, சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றாள். பிள்ளை எட்டிப் பார்த்தது.

"ஆரம்மா இது?"

அப்பாவின் முகத்தை இன்னும் மறக்காத பிள்ளை அது. அதனால்தான் கேட்டது.

"சின்னப் பிள்ளை, குறை நினைக்காதேங்கோ அண்ணா," என்று அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள். இவ்வளவு மினக்கெட்டதற்கு நன்றி என்றாள். பென் டிரைவை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"பழுதானதை வச்சு நான் என்ன செய்ய? நீங்களே எறிஞ்சு விடுங்கோ."

நான் எறியவில்லை. என் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது. இடைக்கிடை செருகிப் பார்ப்பேன். அதில் ஒரு பழுதும் இல்லை.