லாபம் ஏறியது, விலை இறங்கியது

ஊர் தூங்கும்போது கம்பெனிகளின் லாப நஷ்டத்தைப் படித்து, ஊர் எழுந்ததும் திட்டு வாங்குவது என் தொழில். திருவனந்தபுரத்தில் ஒரு பங்குத் தரகர் ஆபீஸ். கம்பெனிகள் சாயங்காலம் ரிசல்ட் வெளியிடும். விடிவதற்குள் நான் அதை நாலு வரியாக்கி வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டும். படிப்பு, பத்தாம் கிளாஸும் பழைய புத்தகக் கடையும். இதே பிழைப்பில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி

வலியசாலை கோமதி மாமிக்கு முழங்கால் ஆபரேஷன். அதற்கான பணம் முழுக்க ஒரு பெயிண்ட் கம்பெனிப் பங்கில் கிடந்தது. "ரிசல்ட் வரட்டும் மாமி, விலை ஏறும்" என்று நிறுத்திவைத்தவன் நான்.

வியாழன் சாயங்காலம் ரிசல்ட்; அமோக லாபம். வெள்ளி காலை விலையும் ஏறியது. நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போன் செய்தபோது மணி பத்தரை. "ராகு காலத்துல விக்கப்படாது. பன்னண்டு ஆகட்டும்" என்றார் மாமி. நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். பதினொன்றரைக்குக் கடலுக்கு அப்பால் எங்கோ போர் மூண்டது. எண்ணெய் விலை எகிற, நல்ல கம்பெனி கெட்ட கம்பெனி பார்க்காமல் சந்தையே சரிந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. மாமி சொன்னார்: "ராகு காலம் நம்மாத்துக்குத்தான்னு நெனச்சேன். லோகத்துக்கே இருந்திருக்கு, பாரு."

பரோட்டா மாஸ்டர்

தம்பானூர் ஹோட்டலில் பரோட்டா போடும் செல்லத்துரை, தென்காசிக்காரர். அவர் பங்கு வைத்திருந்த வீட்டுக்கடன் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். 'உடனே விற்றுவிடவும்' என்று அனுப்பினேன். மாவு பிசையும்போது அவர் போனைத் தொடமாட்டார். அன்று பார்த்து நாடு முழுக்க வட்டி குறைந்தது. நஷ்டக் கம்பெனி குதித்து ஏறியது.

பரோட்டா பார்சலோடு வந்தார். "உங்க மெசேஜைப் பாக்காததாலதான் அண்ணாச்சி பொழச்சேன். தொடர்ந்து அனுப்புங்க, பாக்காம இருந்துக்கிடுதேன்."

மாமியின் முழங்கால்

அடுத்த ரிசல்ட்டில் பெயிண்ட் கம்பெனியின் லாபம் பாதியாகச் சுருங்கியிருந்தது. மாமி இனி நடந்த மாதிரிதான் என்று தலையில் கை வைத்தேன். விடிந்தால் போர் நின்றுவிட்டது! சுருங்கிய லாபத்தையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தை ஏறியது. பத்து மணிக்கே விற்றோம்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். இரண்டு நாளாக விடாத மழை. மாமி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார், பிடிமானம் இல்லாமல். "டாக்டர் பிரமாதமா பண்ணியிருக்காராக்கும், மணி. ஆனா தெரு முழுக்க வெள்ளம். எங்கே போய் நடக்கறது?"

கம்பெனிகள் தங்கள் ரிசல்ட்டைச் சாயங்காலமே வெளியிட்டுவிடுகின்றன. உலகம் மட்டும் தன் ரிசல்ட்டை நான் படுத்துத் தூங்கின பிறகுதான் வெளியிடுகிறது.