யமுனாவுக்கு வாங்கிய லேப்டாப்

சாந்திபுரம் கங்கையாவுக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேருமே நன்றாகப் படித்தார்கள். ஆனால் கூலி வேலை செய்கிற மனிதரால் ஒருத்தியைத்தான் காலேஜுக்கு அனுப்ப முடிந்தது. மூத்தவள் சந்தியா பத்தாவதோடு நின்று தக்காளி பறிக்கப் போனாள். இளையவள் யமுனா தினமும் பஸ்ஸில் குப்பம் டவுனுக்குப் போய் பி.காம். முடித்தாள்.

அவளை வடமாலபேட்டையில் தூரத்து உறவான புருஷோத்தமனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. கருக்கலில் கம்பெனி பஸ் ஏறினால் சாயந்தரம் வந்துவிடுவான். குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். தெருவில் எல்லோரும் அவனை நல்ல பிள்ளை என்றார்கள். யமுனாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மகள் பிரித்திகா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் யமுனாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. கூடப் படித்த செல்வி சொல்லித் தெரிந்த வேலை. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து ஏற்ற வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம். சென்னையிலிருந்து போனில் இரண்டு முறை கேள்வி கேட்டார்கள், இரண்டிலும் தேறினாள். லேப்டாப் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவர்களே அனுப்பியிருந்தார்கள். எட்டு ஜிபி ராம் என்பதன் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தது. யமுனா அதையும் விடாமல் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பணம் அவளுடையது. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது. தானும் திருப்பதிக்கு வருவதாகச் சொன்னாள்.

“வெயில்ல நீ எதுக்கு அலைஞ்சிக்கினு? நானே பாத்து வாங்கியாறேன்” என்றான் புருஷோத்தமன்.

நாலைந்து நாள் சாயந்தரங்களில் போனில் லேப்டாப் வீடியோக்களாகவே பார்த்தான். கம்பெனியில் தெரிந்தவர்களைக் கேட்டான். எது எதற்கு ஆகும், எது எதற்கு ஆகாது என்று அவளுக்கே விளக்கினான். தனக்கு போன் வாங்கும்போதுகூட இவ்வளவு பார்க்காதவன் என்று யமுனாவுக்கு மனசு நெகிழ்ந்துபோனது.

வார லீவு அன்று போய் வாங்கி வந்தான். வெள்ளி நிறத்தில் மெலிசாக அழகாக இருந்தது. மிச்சப் பத்தாயிரத்தை அவள் கையிலேயே கொடுத்தான்.

“நான் எழுதினது எல்லாம் இதுல இருக்குதா மாமா?” என்று கேட்டாள்.

“நீ எழுதினதக் காட்டித்தான் வாங்கினேன்.”

மாமியார் ரத்தினம்மா, மிச்சப் பணம் சாமிக்குப் போகட்டும் என்றாள். எல்லோரும் காணிப்பாக்கம் போய் அபிஷேகம் செய்தார்கள். பிரித்திகாவுக்குக் கொலுசு வாங்கினார்கள். யமுனா புருஷன் பேரைச் சொல்லித்தான் அர்ச்சனை செய்தாள்.

பயிற்சி தொடங்கியது. ஒரு பக்கம் வீடியோவில் பாடம், இன்னொரு பக்கம் பில் ஏற்றும் திரை. இரண்டையும் திறந்தால் லேப்டாப் அப்படியே நின்றுவிடும். தான்தான் எதையோ தப்பாக அழுத்துகிறோம் என்று நினைத்தாள். விரல் மெதுவாகப் போகிறதோ என்று மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு டைப் அடித்துப் பழகினாள். நான்காம் நாள் தேர்வு. இரண்டு மணி நேரத்தில் நாற்பது பில் ஏற்ற வேண்டும். அவளால் ஆறுதான் முடிந்தது. சென்னையிலிருந்து ஒரு பெண் குரல், “யமுனா, இருக்கீங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டது. இவள் சொன்ன பதில் அந்தப் பக்கம் போகவில்லை. மறுநாள் காலை அவள் பெயரை எடுத்துவிட்டதாக மெயில் வந்தது.

அன்று அழுதவளின் தலையைப் புருஷோத்தமன் தடவிக் கொடுத்தான். எல்லாருக்கும் எல்லாம் வராது, இதற்கெல்லாம் அழலாமா என்றான்.

ஒரு மாதம் கழித்து சார்ஜர் வேலை செய்யவில்லை. அவன் வேலைக்குப் போயிருந்தான். யமுனா பில்லை எடுத்துக்கொண்டு தானே திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். கடையில் தரணி என்ற பெண் முதலில் தெலுங்கில் பேசினாள். இவள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினாள். சார்ஜரை மாற்றிக் கொடுத்துவிட்டு, லேப்டாப் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். யமுனா நடந்ததைச் சொன்னாள்.

தரணி பில்லை மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

“இதுல நாலு ஜிபிதான்க்கா. அந்த அண்ணன் பேப்பரைக் காட்டினாரு. அதுக்கு ஏத்தது ஒண்ணு எடுத்து வெச்சேன். உங்க காசுக்கு அடங்கிச்சு. அவரு இத எடுத்துக்கினு, இதுல அந்த வேலை நடக்குமான்னு கேட்டாரு. நடக்காது, நின்னு போயிடும்னு சொன்னேன். நிச்சயமா நடக்காதான்னு இன்னொரு வாட்டி கேட்டாரு. நிச்சயமா நடக்காதுன்னேன். அப்ப இதையே பில்லு போடுன்னுட்டாரு.”

யமுனா கடைக்கு வெளியே வந்து நின்றபடியே சென்னைக்குப் போன் செய்தாள். லேப்டாப்பால்தான் இப்படி ஆனது, இன்னொரு தடவை உட்கார விடுங்கள் என்று கெஞ்சினாள். தேர்வில் விழுந்தவர்களை மறுபடி எடுப்பதில்லை, காரணம் எதுவானாலும் விதி அதுதான் என்றார்கள்.

சாயந்தரம் புருஷோத்தமன் கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். யமுனா தட்டு வைக்காமல் நின்று கேட்டாள். அவன் மறுக்கவில்லை. குரலும் உயரவில்லை.

“கம்பெனில இருவத்தி நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு எனக்கு மேல உக்காந்துக்கினு கீது. லீவு வேணும்னா அவளாண்ட போய் நிக்கணும். வூட்லயும் அப்படி ஒருத்தி எனக்கு வேணாம்.”

“வேணாம்னு என்னாண்ட சொல்லியிருக்கலாமே மாமா.”

“சொன்னா நான் கெட்டவன் ஆயிடுவேன். இப்ப உனக்கு வரலன்னு ஆயிடுச்சு. சோறு போடு.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த ரத்தினம்மா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, குழம்பு ஆறுவதற்குள் எடுத்து வை என்று மருமகளிடம் சொன்னாள்.

யமுனா சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் வந்தால் புருஷோத்தமன் அந்த லேப்டாப்பை எடுத்துக் காட்டுவான். ஆசைப்பட்டாள் என்று வாங்கிக் கொடுத்தேன், அவளுக்குத்தான் ஏறவில்லை என்பான். பிரித்திகா அதில் கார்ட்டூன் பார்த்தாள். அதற்கு அது நன்றாகவே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்கையா போன் செய்து வேலை என்ன ஆயிற்று என்று கேட்டார். உண்மையைச் சொல்ல யமுனா வாயெடுத்தாள். சொன்னால் அவர் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நிற்பார். தெருவே கூடும். பிறகு ஒன்று அவளை இங்கே விட்டுப் போக வேண்டும், இல்லை கையோடு கூட்டிப் போக வேண்டும். கூட்டிப் போனால் அந்த ஒற்றை அறையில் சந்தியா தன் இரண்டு பிள்ளைகளோடு ஏற்கெனவே வந்து இருக்கிறாள். புருஷன் துரத்திவிட்டவள்.

“எனக்கு வரல நைனா” என்றாள் யமுனா.

கங்கையா கோபப்படவில்லை. தன் பெண்ணைத் தேற்றத்தான் பேசினார்.

“சரி வுடும்மா. நீ இன்னா பண்ணுவ. சந்தியாவப் படிக்க வெச்சிருக்கணும். அவளுக்கு வந்திருக்கும். நான்தான் ஆள மாத்திப் படிக்க வெச்சிட்டேன்.”

“ஆமா நைனா” என்றாள் அவள்.