எழுந்து நின்றால் ஆப்சென்ட்

ஆன்லைன் வகுப்பில் ஒரு மாணவி மரியாதைக்காக எழுந்து நின்றால் என்ன ஆகும்?

ஆப்சென்ட் ஆகும்!

நான் சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டில் உட்கார்ந்தபடி எம்.ஏ. மாணவர்களுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். எல்லாமே நேரலை வகுப்பு.

அதில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கல்லூரி விதிகள் அனுப்பியிருக்கிறது. கேமரா ஆனில் இருக்க வேண்டும். மைக்கை அணைத்து வைக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வேண்டும். சாப்பிடக் கூடாது. முகம் திரையை விட்டு விலகவே கூடாது.

(கட்டிலில் படுத்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல் தெரியவைக்கும் வித்தையை என் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுவிட்டார்கள். பொருளாதாரம்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.)

முகத்தைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் உண்டு. கொஞ்ச நேரம் முகம் தெரியவில்லை என்றால் அன்றைக்கு ஆப்சென்ட். அது கூடிவிட்டால் தேர்வு எழுத முடியாது.

மேச்சேரி மாணவர் ஒருவர் மைக்கைத் திறந்தால் முதலில் ஆடு பேசும், பிறகுதான் அவர். பாதி வகுப்பு தூங்குவார். ஆனாலும் வருகைப்பதிவில் அவரை அசைக்க முடியாது. தூங்கினாலும் முகம் முகம்தானே!

சிக்கல் சுகன்யாவுக்கு.

நன்றாகப் படிக்கும் பெண். கல்யாணமாகிப் பரமத்தி வேலூர் பக்கம் போயிருக்கிறாள். மாமனாருக்கு வெற்றிலைக் கொடிக்கால். ஒவ்வொரு வகுப்பிலும் நடுநடுவே இவள் முகம் மேலே போய்விடும். திரையில் அவள் கட்டத்தில் சேலை மடிப்பும் பின்னால் ஒரு பிரிட்ஜும் மட்டும் தெரியும். பிறகு முகம் இறங்கி வரும்.

அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். (ஐம்பது நெருங்குகிறது. மாணவர்களின் காரணங்களை நம்பும் பருவம் எனக்கு முடிந்துவிட்டது.)

போன வாரம் அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். இன்னும் ஒரு வகுப்பு ஆப்சென்ட் ஆனால் சுகன்யாவுக்குத் தேர்வு இல்லை. நான் பேசிப் பார்த்தேன். "சிஸ்டம் அப்படித்தான் மேடம்" என்றார்கள்.

சுகன்யாவுக்குப் போன் செய்து, வகுப்பு நடுவில் எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"எங்கயும் போகலீங்க மேடம். மாமா வந்தாருங்க."

"வந்தா?"

"எந்திரிச்சேனுங்க."

"சரி, எந்திரிச்சு எங்க போன?"

"அங்கயேதானுங்க நின்னேன்."

அப்போதுதான் எனக்கு அந்தச் சேலை மடிப்பு விளங்கியது.

வீட்டில் சிக்னல் கிடைப்பது கூடத்தில் மட்டும். மோட்டார் சுவிட்சும் அங்கேதான். கொடிக்காலுக்குத் தண்ணீர் விட மாமனார் மாலை முழுக்கப் போகவும் வரவும் இருப்பார். அவர் வரும்போதெல்லாம் மருமகள் எழுந்து நிற்பாள். அவர் தாண்டிப் போனதும் உட்காருவாள். மென்பொருளுக்கு மாமனார் தெரியாது.

உட்கார்ந்தே இருந்தால் திட்டுவாரா என்று கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டாருங்க. அதானுங்க பயம்."

இந்த வருடம் முடிக்காவிட்டால் மறுபடி படிப்பு என்ற பேச்சையே வீட்டில் எடுக்க முடியாது என்றும் சொன்னாள்.

முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேசுவது எனக்கு ஒவ்வாத வேலை. இருந்தாலும் போனை மாமனாரிடம் கொடுக்கச் சொன்னேன். கண்டிப்பான ஒரு மனிதரை எதிர்பார்த்து, வாதங்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நீங்க கேள்வி கேக்கறீங்க, அதுக்குப் புள்ள எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுதுன்னுல்லங்க டீச்சர் நெனச்சேன்! வாத்தியாருக்கு எவ்வளவு மருவாதி குடுக்குதுன்னு பக்கத்து ஊட்லயெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன்."

பிறகு அவரே கேட்டார்:

"அப்ப எனக்குங்களா எந்திரிக்குது?"

ஆமாங்க என்றேன். (என் வாதங்கள் ஒன்றுகூடப் பயன்படவில்லை.) இனித் தன்னால் தொந்தரவு வராது என்று உறுதி கொடுத்தார்.

இன்று மாலை, அதற்குப் பிறகான முதல் வகுப்பு. கடைசி வகுப்பும் அதுதான்.

தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சுகன்யாவின் கட்டத்தில், திரையின் அடிப்பக்கமாக ஒரு வெள்ளைத் தலைப்பாகை மெல்ல ஊர்ந்து போனது. மருமகள் கண்ணில் படாமல் மோட்டாரைப் போட, மனிதர் குனிந்தபடியே கூடத்தைக் கடக்கிறார்!

சுகன்யா பார்த்துவிட்டாள். பெரியவர் தனக்காகக் குனிந்து போகிறார் என்றால் எந்த மருமகள் உட்கார்ந்திருப்பாள்? பதறி எழுந்துவிட்டாள்; கை பட்டு மைக்கும் திறந்துகொண்டது. மறுபடியும் சேலை மடிப்பு.

நான் தேவை வளைகோட்டை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உக்காரு சாமி, டீச்சர் பாக்கறாங்க" என்று குரல் கேட்டது. அவள் அசையவில்லை. "சரி, நானும் உக்காந்துக்கறேன். அப்ப உக்காருவியல்ல?"

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

பிறகு அவர் எழவே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேசவில்லை, சாப்பிடவில்லை, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்லூரி அனுப்பிய அத்தனை விதிகளையும் ஒருவர் கடைப்பிடித்து இன்றுதான் பார்க்கிறேன். அவர் பெயர் வருகைப் பட்டியலில் இல்லை.

நடுவில் மோட்டாரை அணைக்கவும் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரவும் சுகன்யா எழுந்து போனாள். போனவள் வர நேரமாகிவிட்டது. நான் கடிகாரத்தையும் அந்தக் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மென்பொருள் வாயே திறக்கவில்லை. அதற்கு வேண்டியது ஒரு முகம். யாருடையது என்று அது கேட்பதில்லை.

முடிவில் பார்த்தேன். சுகன்யா, பிரசென்ட்! இன்றோடு வகுப்புகள் முடிந்தன. அவள் தேர்வு எழுதலாம்.

நியாயமாக இதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். யோசித்துக்கொண்டே திரையில் வகுப்பை மூடப் போனேன். சுகன்யா மைக்கை அணைக்க மறந்திருந்தாள்.

"ஏஞ்சாமி, டீச்சர் போயிட்டாங்களா? இனி நான் எந்திரிக்கலாமா?"