டூஷிமா சமைக்காமல் வந்த நாள்

டூஷிமா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. நைஜீரியாவின் பென்யூ ஆற்றங்கரைக் கிராமப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் சான்றிதழ் இல்லாமலே மூன்றாம் வகுப்பு நடத்தியவர். சான்றிதழ் இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று அதிகாரிகள் சொன்ன பிறகுதான் படிக்க வந்தார். கடைசி ஆண்டுக் கற்பித்தல் பயிற்சியில் தேறினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் போச்சு.

பயிற்சிக்கு அவருடைய பள்ளியிலேயே என்னையும் போட்டார்கள். நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடக் கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வருவார். அன்றைக்கு நாங்கள் சமைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு மரியாதை என்று பெயர். நான் இடித்த கிழங்குக் களியும் கெளுத்தி மீன் குழம்பும் கொண்டுபோனேன். டூஷிமா கையில் பாடக்குறிப்பு மட்டும்தான்.

"சாப்பாடு எங்கேக்கா?"

"என் வயித்துல இருக்கு. அந்தாளு பாடம் பாக்க வர்றாரா, பந்திக்கு வர்றாரா?"

மேற்பார்வையாளர் அகோசு பதினோரு மணிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் புரட்டினார்.

"கையெழுத்து நல்லாருக்கு தம்பி. குழம்பு அதைவிட நல்லாருக்கு."

எழுபத்திரண்டு மதிப்பெண். நான் சாக்பீஸையே தொடவில்லை.

டூஷிமா வாசலில் வந்து நின்றார். "சார், மூணாம் வகுப்பு காத்துக்கிட்டிருக்கு."

"இருக்கட்டும்மா. சாப்பிடுறவன் வாயை இப்படியா பாத்துக்கிட்டு நிப்பாங்க?"

டூஷிமா போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நாற்பத்தாறு பிள்ளைகளும் அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே முற்றத்தில் குந்தி, கிழங்கு நடும் மேடுகள் போல மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வரிசைக்கு அஞ்சு மேடு. நாலு வரிசை. எத்தனை கிழங்கு நடலாம்?"

எப்போதும் விரல் விட்டு ஒவ்வொன்றாக எண்ணும் ஒரு சிறுமி திடீரென்று நிமிர்ந்தாள். "அஞ்சு, பத்து, பதினஞ்சு... இருவது டீச்சர்!"

தலைமையாசிரியர் ஓடி வந்தார். "ஏம்மா, அவர் சாப்பிடுற நேரத்துல மண்ணைக் கிளப்புறே?"

"பாத்துக்கிட்டே சாப்பிடட்டும் சார்."

அகோசு எழுந்தார், குழம்புக் கையோடு ஜன்னலைச் சாத்தினார். டூஷிமாவுக்கு முப்பத்துநான்கு. குறிப்பு: வகுப்பில் ஒழுங்கு இல்லை.

முடிவு வந்தபோது நான் தேறியிருந்தேன், டூஷிமா தேறவில்லை. எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். என் அப்பா ஆடு வெட்டி ஊருக்கே சோறு போட்டார். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். அதனால்தான் அது குழம்புக்குக் கிடைத்த பட்டமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கல்லூரியின் தேர்வுக் குழு முன்னால் போய் நின்றேன்.

"அவங்க பாடத்தை நான் பாத்தேன். என் பாடத்தை யாருமே பாக்கலை. என் மார்க்கையும் வெட்டுங்க. ரெண்டு பேருக்கும் மறுபடி வைங்க."

குழுத் தலைவர் சிரித்தார். "கெடைச்சதை வேண்டாங்கிற கிறுக்கனை இப்பத்தான்யா பாக்குறேன். போ, போ."

எதையும் வெட்டவில்லை, எதையும் கூட்டவில்லை. நாட்டை ஆசிரியர்தான் உயர்த்துகிறார் என்று அதே ஆட்கள்தான் பட்டமளிப்பு மேடையில் முழங்குகிறார்கள். கேட்கும்போது காது கூசுகிறது.

ஜனவரியில் பள்ளி ஆசிரியர் பட்டியலிலிருந்து டூஷிமாவின் பெயரை நீக்கினார்கள். அந்த மூன்றாம் வகுப்புக்கு என்னையே போட்டார்கள். என் நியமன உத்தரவோடு டூஷிமா வீட்டுக்குப் போனேன்.

"நான் சேர மாட்டேன்க்கா."

"சும்மா இரு. நீ போகலைன்னா இன்னொரு மீன்குழம்பு வரும். பெருக்கல் முடிச்சிட்டேன். நீ வகுத்தல் ஆரம்பி."

அதை எப்படி ஆரம்பிப்பது என்று அவரிடமே கேட்டேன். கல்லூரியில் அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.