பெட்டி தூக்கியவர் பெயர்

காலையில் ஊத்துக்குளி பேருந்தில் ஒரு பழைய சாகச நாவலும், அதைக் கேள்வி கேட்டுப் பின்னால் வந்த நவீன நாவலும் என் மடியில் இருந்தன.

பக்கத்து இருக்கையில், பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா. “என்ன கதைங்க சார்?”

“பழசுல வெள்ளைக்கார கேப்டன் பெட்டி தூக்குற கூலியாளுங்களோட போய் காட்டை ஜெயிக்கிறார். புதுசுல அப்படிப் போனவர், எதுக்கு வந்தோம்னே தெரியாம நிக்கிறார்.”

“ரெண்டாவது எழுதுனவரு துணியைத் திருப்பிப் பார்த்திருக்காருங்க. மேல பார்த்தா எல்லாமே நல்லாத்தானுங்க இருக்கும்.”

இதைத்தான் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துகிறேன்.

“பெட்டி தூக்குனவங்க பேரு என்னங்க?”

இரண்டிலும் தேடினேன். இல்லை.

“எங்க துணிக்கட்டுல வெக்கிற பண்டல் சீட்டுல கூடத் தெச்சவங்க பேரு இருக்குமுங்க” என்றபடி இறங்கிப் போனார்.

பெட்டி தூக்கியவர் பெயர் இருக்கிற நாவல் தெரிந்தால் சொல்லுங்கள். நாளைக்கும் அதே பேருந்துதான், அதே அக்காதான்.