எண்ணூரிலிருந்து பாரிமுனை, 18 கிலோமீட்டர்: நான் பல் மருத்துவக் கல்லூரியை முடிவு செய்த பயணம்

போன மாதம் ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தாள். இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறதாம், எதில் சேருவது என்று தெரியவில்லையாம். நீண்ட பதில் ஒன்றை எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கும் அதே கேள்வி வந்தது, எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூலை மாதம். அதற்காக மூன்று நாள் தனியாக வடசென்னையில் அலைந்தேன். அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன். கல்லூரி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவும். (கட்டணங்கள் அந்தக் காலத்தவை. அவற்றை நம்பிப் பையில் சில்லறை வைத்துக்கொண்டு வராதீர்கள்.)

எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஊர் புதுக்கோட்டை. கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று சென்னையிலுள்ள அரசுக் கல்லூரியிலிருந்து வந்தது. இன்னொன்று பக்கத்து மாநிலத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு கல்லூரியிலிருந்து. பெயர் வேண்டாம். அந்த ஊரில்தான் என் அண்ணன் வங்கியில் வேலை பார்த்தான். அவன் வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம், அண்ணி சமைத்துப் போடுவாள். சென்னையிலோ எனக்கு ஒரு மனிதரையும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு கடிதங்களுமே சொல்லின.

வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. எனக்குத்தான் ஒரு குறுகுறுப்பு. எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒருமுறை பேச்சுவாக்கில், "கட்டடத்தைப் பார்த்துச் சேராதேம்மா, படிக்கிற பிள்ளைங்க கையில குறடைக் குடுக்கறாங்களான்னு பாரு" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு முகவரிகள் கிடைத்தன. ராயபுரத்தில் ஒரு டாக்டர், சென்னையில் படித்தவர், அப்பாவின் நண்பருக்குத் தம்பி. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை மருந்தகத்தில் வேலை பார்த்த டாக்டர் ரகுநாதன், அண்ணன் ஊர்க் கல்லூரியில் முதல் அணியில் படித்து முடித்தவர், அண்ணனுக்குப் பழக்கமானவர். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. என்னைத் தனியாக அனுப்ப அம்மா சம்மதித்தது எனக்கே ஆச்சரியம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை 6.20-க்கு எழும்பூரில் இறங்கினேன். அழைத்துப்போக யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் கூட்டம் கலைகிறவரை நடைமேடையிலேயே நின்றிருந்தேன். பிறகு சைக்கிள் ரிக்‌ஷா. ராயபுரம் கல்மண்டபம் வரை ஐந்து கிலோமீட்டர், இரண்டு ரூபாய். ரிக்‌ஷாக்காரர் பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "தனியாவா வந்துகிறே? வூட்ல ஆம்பள யாரும் இல்லியா?" என்று கேட்டார். இருக்கிறார்கள், வேலை இருக்கிறது என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. ஆனால் நான் தங்கவேண்டிய விடுதியின் கதவைத் தட்டி, ஆள் வந்து திறக்கிறவரை வண்டியோடு நின்றுவிட்டுத்தான் போனார்.

விடுதியைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற இடம், இரண்டு நாளைக்கு மட்டும் ஒரு கட்டில் தந்தார்கள். நான் போனபோது எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். பதினாறு கட்டில்கள் இருந்த கூடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகச் சுவர். கடல் அதற்கு அந்தப் பக்கம். கப்பல் ஊதுவது கேட்கும், மீன் வாசனை வரும், தண்ணீர் மட்டும் கண்ணில் படாது. கடல் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்தே ஆசைப்பட்டு வந்தவளுக்கு அது பெரிய ஏமாற்றம்.

பத்து மணிக்கு ராயபுரம் டாக்டரின் மருத்துவமனைக்கு நடந்தேன். பூட்டியிருந்தது. பக்கத்தில் வலையும் தூண்டில் கயிறும் விற்கிற கடைக்காரர், "டாக்டரு நாகப்பட்டணம் போய்கிறாரும்மா, மாமனார் காரியம். சனிக்கெழமதான் வருவாரு" என்றார். சனிக்கிழமை எனக்குப் பயனில்லை. எதிரில் மாதா கோவில் நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். பெண்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அங்கே யாரையாவது தெரிந்திருந்தது. அன்று மாலை வரை நான் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்திலிருந்த பெண் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள், நான் நன்றி சொன்னேன். அத்தோடு சரி.

புதன்கிழமை 6.45-க்குக் கல்மண்டபத்தில் எண்ணூர் பஸ் ஏறினேன். பதினான்கு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், முப்பத்தைந்து பைசா. தண்டையார்பேட்டை தாண்டியதும் எண்ணெய்த் தொட்டிகள், பிறகு திருவொற்றியூர், அதற்கப்புறம் ஒரு பக்கம் ஆலைச் சுவர்கள், மறு பக்கம் கடல். கடைசியில் கடலைப் பார்த்தேன்தான். பக்கத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பஸ் முழுக்க முதல் ஷிப்டுக்குப் போகிற ஆண்கள், பாதிப்பேர் தூக்கத்தில்.

மருந்தகம் ஆலை வாயிலுக்கு வெளியே, தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். புதன்கிழமை காலையில் தொழிலாளர் குடும்பங்களோடு ஊர்க்காரர்களையும் பார்ப்பார்கள். அதனால் வராந்தா நிறைய ஆட்கள். டாக்டர் ரகுநாதனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, உள்ளே ஒரு ஸ்டூலைக் காட்டி, உட்கார்ந்து பாருங்கள், நடுவில் பேசலாம் என்றார்.

நான்காவது ஆளாக வந்தவள் எல்லம்மா. தாழங்குப்பத்துக்காரி, கருவாடு விற்கிறவள், நாற்பது வயது சொல்லலாம். ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல் வலி, தூங்கவே இல்லை. டாக்டர் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து குறடை வைத்தார். ஓசை எனக்கே கேட்டது. பல்லின் மேல் பாதி கையோடு வந்துவிட்டது, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. அவர் நெம்புகோலை எடுத்தார். கால் மணி நேரம் முயன்றார். எல்லம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன், அவ்வளவுதான் காரணம். டாக்டருடைய நெற்றி வியர்வை கண்ணாடியில் சொட்டியது. பிறகு அவர் கருவியைத் தட்டில் வைத்தார். பஞ்சுத் துணியை மடித்து அவள் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.

நானும் பின்னால் போனேன். குழாயைத் திறந்துவிட்டபடி, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நீங்க கேக்க வந்ததுக்குப் பதில் பாத்துட்டீங்க. எங்க காலேஜ்ல நாற்காலியெல்லாம் வெளிநாட்டுது. ஆனா பேஷன்ட் வரல. வர்றவங்களும் நாலு ஸ்டூடன்ட்டுக்கு ஒருத்தர். ஒருத்தன் எடுப்பான், மூணு பேர் பாப்போம். படிச்சு முடிக்கிறவரை என் கையால எடுத்தது பதினோரு பல்."

குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"வாத்தியாருங்க நல்லவங்க. புத்தகத்துல என்னைக் கேளுங்க, எதுவும் சொல்வேன். இங்க கை தப்பு பண்ணினா பக்கத்துல நின்னு சொல்ல ஆள் இல்ல. உங்க அண்ணன்கிட்ட நான் இப்படிச் சொன்னேன்னு தாராளமா சொல்லுங்க."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். கடினமான பல், யாருக்கும் வரும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அது உண்மையும்கூடத்தான், யாருக்கும் வரும். இத்தனை வருடம் கழித்தும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

பிறகு ஒரு சீட்டு எழுதி என்னிடம் கொடுத்தார். எனக்கு இடம் தந்திருந்த கல்லூரி இருக்கிற அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுத் தருவது 11 மணியோடு முடிந்துவிடும், எல்லம்மாவின் கணவர் கடலுக்குப் போயிருக்கிறார், வராந்தாவில் இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள். கூடப் போக முடியுமா என்று கேட்டார். போகிறேன் என்றேன்.

9.20-க்கு பஸ். எண்ணூரிலிருந்து பாரிமுனை பதினெட்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து பைசா. எல்லம்மாவால் பேச முடியாது, வாயில் துணி. நானும் என்ன பேசுவது என்று தெரியாமல் வந்தேன். திருவொற்றியூரில் அவள் என் கையைத் தட்டி, கோவில் கோபுரம் இருக்கும் திசையைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். அந்த மூன்று நாளில் ஒருவரோடு சேர்ந்து நான் செய்த ஒரே காரியம் அது.

ராயபுரத்துக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மரத்தது விட்டு வலி ஏறத் தொடங்கியிருக்க வேண்டும், எல்லம்மா முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்டக்டரிடம் மணி கேட்டேன். 10.25. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட் திறந்த பிறகு இரண்டு நிறுத்தங்களில் ஆள் ஏறி முடிக்குமுன்பே விசில் அடித்தார். 10.46-க்குப் பாரிமுனை. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், பாதி ஓட்டம். சீட்டுக் கொடுப்பவர் ஜன்னலை இழுக்கக் கை நீட்டியபோது நான் உள்ளே டாக்டர் எழுதிய சீட்டை நீட்டிவிட்டேன்.

பல் பிரிவுக் கூடம் சத்தமாக இருந்தது. இரண்டு வரிசை நாற்காலிகள், வண்ணம் உரிந்தவை. ஒவ்வொன்றிலும் நோயாளி, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மாணவர். எல்லம்மாவுக்குக் கிடைத்தவள் ராஜேஸ்வரி, கோவில்பட்டிக்காரி, கடைசி வருட மாணவி, என்னைவிட நான்கைந்து வயது பெரியவள். ஆசிரியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார். கருவியைத் தொடவேயில்லை. ஒரே ஒரு முறை, "அவசரப்படாதே. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல இடம் பாரு" என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு வேர்களும் தட்டில் விழுந்தன. அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். பாராட்டு எதுவும் இல்லை.

நான் ராஜேஸ்வரியிடம், இதுவரை எத்தனை எடுத்திருப்பீர்கள் என்று கேட்டேன். "எண்ணுறத விட்டுட்டேன். போன வாரம் ஒரே நாள்ல பதினாலு" என்றாள் கருவிகளைக் கழுவிக்கொண்டே. குறைகளையும் அவளே சொன்னாள். செயற்கைப் பல் வேலை, பல் வரிசையை நேராக்கும் வேலை எல்லாம் இங்கே அவளுக்குக் கொஞ்சம்தான் கிடைத்ததாம். யாரும் கூப்பிட்டு வைத்துச் சொல்லித்தரமாட்டார்கள், கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். வெட்கப்பட்டால் நான்கு வருடமும் பின் வரிசையிலேயே போய்விடும்.

சாயங்காலம் யாரோடு இருப்பீர்கள் என்றும் கேட்டேன். அவள் கை நின்றது. "யாரோடயும் இல்ல. போனதும் தூங்கிடுவேன்" என்றாள்.

எல்லம்மாவை எண்ணூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது மணி 12.40. ஜன்னல் வழியாக, துணியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வூட்டாண்ட வா கண்ணு. குப்பத்துல எல்லம்மான்னு கேளு, யாரு வோணா காட்டுவாங்க. மீன் துன்னுவ இல்ல?" என்றாள். வருகிறேன் என்றேன். போகவில்லை. படித்து முடிக்கிறவரை பதினெட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும் ஒருமுறைகூடப் போகவில்லை. முதலில் கூச்சம், பிறகு பரீட்சை, பிறகு இத்தனை நாள் போகாமல் இப்போது எப்படிப் போவது என்ற வெட்கம்.

அன்று மாலையே தபால் ஆபீசுக்குப் போய், அண்ணன் ஊர்க் கல்லூரிக்கு வரவில்லை என்று தந்தி கொடுத்தேன். அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அவனிடமிருந்து வந்த கார்டில் "உன் இஷ்டம்" என்று மட்டும் இருந்தது. எனக்காக ஒரு அறையைக் காலி செய்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தார்கள் என்று அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு அவன் எனக்கு மறுபடி எழுத இரண்டு வருடம் ஆயிற்று. மூன்றாம் வருடம் ஒருமுறை வந்தான். விடுதி வாசலில் அரை மணி நேரம் நின்றபடியே பேசிவிட்டு, மாலை ரயிலுக்குப் போய்விட்டான்.

அந்தக் கல்லூரி எனக்குக் கைகளைக் கொடுத்தது. முப்பத்திரண்டு வருடம் புதுக்கோட்டையில் பல் பார்த்தேன். வேர் உடைந்ததுண்டு. உடைந்த வேரோடு ஆளை வேறிடத்துக்கு அனுப்பியது மிகக் குறைவு.

இனி உங்களுக்கு. இப்போது மெட்ரோ ரயிலே திருவொற்றியூர் தாண்டிப் போகிறது, கேட்டில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். எந்தக் கல்லூரியானாலும் திங்கட்கிழமை காலை 9 மணிக்குப் போங்கள், புறநோயாளிப் பிரிவில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். நாற்காலியின் விலையைப் பார்க்காதீர்கள், அதில் ஆள் இருக்கிறாரா, கருவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். முதல்வரிடம் கேட்பதைவிடக் கடைசி வருட மாணவரிடம் கேளுங்கள். முடிந்தால் படித்து முடித்து வெளியே தனியாக வேலை பார்க்கிறவர் ஒருவரையும் பாருங்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். உண்மையைச் சொல்கிறவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கல்லூரி விடுதிச் சமையல்காரர் மதியத்தோடு போய்விடுவார். மாலை நான்கிலிருந்து எட்டு வரை நான் துணி துவைப்பேன், காய்ந்ததை மடிப்பேன், மடித்ததைக் கலைத்து மறுபடி மடிப்பேன். நல்ல கல்லூரிக்காகத் தெரியாத ஊருக்குப் போகிறவர்கள் போங்கள், நான் போனது சரிதான். ஆனால் அங்கே யாராவது சாப்பிட வா என்று கூப்பிட்டால், அந்த வாரமே போய்விடுங்கள்.