காஜா பெராங்கில் எட்டாவது இலை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த பிறகு வந்த முதல் போகியன்று மலாக்காவுக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. அங்கே காஜா பெராங் பகுதியில் இருக்கும் ராஜு கிராணியைப் பார்க்க. நெஞ்சு பலவீனம், இனி நாள் சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். அப்படிப்பட்டவன் "போகிக்குச் சாப்பிட வா" என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். எனக்கு எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

சிரம்பான் சாலை இலாகாவில் அவன் கிராணி, நான் மண்டோர். அவன் நிழலில் உட்கார்ந்து எழுதினான். நான் வெயிலில் நின்று ஆட்களை வேலை வாங்கினேன். பள்ளிக்கூடம் போகாமல் நானே எழுத்துக்கூட்டித் தமிழ் கற்றவன். அவனோ மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். தமிழில் பத்து வார்த்தை தேறாது. ஆனால் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அவனைச் சுற்றி ஒரே தெருவில் இருக்கிறார்கள். என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சிங்கப்பூரில் இருக்கும் ஒரே மகன், "படையல், திதியில எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லப்பா" என்று முகத்துக்கு நேரே சொன்னவன். நான் செத்தால் எனக்கு ஓர் இலை போட ஆள் இல்லை. இந்த வயதில் என் கவலை அது ஒன்றுதான்.

சிரம்பானில் காலை ஏழு மணிக்கு பஸ். தம்பினில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். மொத்தம் ஐம்பது மைலுக்குச் சற்று மேல். காலையில் போகிறவர்கள் இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் வாட்டிவிடும். எனக்கு இடதுதான் கிடைத்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மலாக்காவில் இறங்கியதும் பெண்டஹாரா சாலையில் ஒரு துணிக்கடை பாயிடம் வழி கேட்டேன்.

"நடந்தா ஒரு மைலுக்குள்ளதான் பெரியவரே. செட்டி வீட்டுக்கா? குடுத்து வச்சவரு! வயித்தக் காலியா வச்சுக்குங்க."

அதை நம்பித் தேநீர்கூடக் குடிக்காமல் நடந்தேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். கொல்லைப்புறத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டதே தவிர, யாரும் வரவில்லை. கதவைத் தள்ளினேன். தரையில் வரிசையாக எட்டு இலைகள். தேங்காய்ப்பால் சோறு, கோழி, இறால் சம்பல், மூடி போட்ட கோப்பையில் காப்பி. நாங்கள் படையல் என்றால் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெரிய இலை போடுவோம். இது கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. வரவேற்கத்தான் ஆள் இல்லை, சாப்பாடாவது போட்டு வைத்திருக்கிறார்களே என்று வாசலோரம் இருந்த கடைசி இலையில் உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டும் விட்டேன்.

உள்கதவைத் திறந்த கிராணியின் மனைவி, "அலாமா! ஜாங்ஙான்!" என்று அலறினாள். ஐயோ, வேண்டாம் என்று அர்த்தம். பின்னாலேயே வீடு முழுவதும் வந்து நின்றது. செட்டிகளுக்குப் போகி என்றால் முன்னோருக்குப் படைக்கும் நாளாம். அந்த இலைகள் அந்த வீட்டில் இறந்துபோனவர்களுக்கு. அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உயிரோடிருப்பவர்கள் வெளியே காத்திருப்பார்களாம்.

கிராணி சுவரைப் பிடித்தபடி வந்தான். இருமல் வரும்வரை சிரித்தான். அவன் மலாயில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன மண்டோர், உனக்கு அவ்ளோ அவசரமா? வரிசையில முதல்ல நிக்கிறவன் நான்ல?"

"நான் உட்கார்ந்தது யாரு இலை?"

அவன் சிரிப்பு நின்றது. "அந்தக் கோடி எங்க பாட்டனுக்கு. உனக்குப் பக்கத்துல எங்கப்பா."

"இது?"

"யாரும் இல்லாம செத்துப் போனவங்களுக்கு. எங்க வீட்டு வழக்கம்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்தேன்.

கிராணி பேச்சை மாற்றினான். "அடுத்த வருசம் எனக்கு அங்க, சன்னலோரம். காத்து வரும். இறால்ல காரம் கொறைக்கக் கூடாதுன்னு மருமக கிட்ட சொல்லிட்டேன். இப்பத்தான் டாக்டர் விடல, அப்ப யாரு தடுப்பா?"

அவன் சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், நாற்காலியைப் பார்த்தும்தான். அன்று அவன் சாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். செத்த பிறகு எங்கே உட்காருவோம் என்று காற்று பார்த்து இடம் பிடித்து வைத்திருக்கிறான்!

"எந்திரி மண்டோர், வேற இலை போடச் சொல்றேன்."

"எந்திரிக்க மாட்டேன்."

"அது யாரும் இல்லாதவங்க..."

"இனிமே அதுல என் பேரையும் சேத்துக்க."

அவன் சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தான். பிறகு, ஆபீசில் கேட்பதுபோலவே கேட்டான்: "என்ன வைக்கணும்?"

"மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு."

மருமகளுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிக் கொடுத்தேன். மொச்சையை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பதை மூன்று முறை சொன்னேன். சலிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன். பொறாமை குறையவில்லை. அவனுக்குச் சன்னலோரம்; எனக்கு வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். ஆனால் வெகுநாளைக்குப் பிறகு வண்டியிலேயே நன்றாகத் தூங்கிவிட்டேன். தம்பினில் கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

போகிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்தியானத்துக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். பாய் சொன்னாலும் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கதவு சாத்தியிருந்தால் வெளியே நில்லுங்கள். இலை போட்டிருக்கிறதே என்று எதிலும் உட்காராதீர்கள். முக்கியமாக வாசலோரம் இருக்கும் அந்தக் கடைசி இலையில். அதற்கு ஆள் இருக்கிறது.